உறை மாறிப்போன இரண்டு கடிதங்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. நாளைக்குச் சேரும்வரை நீ ஓடிவிடக் கூடாதென்று புதிய கட்சிக்காரர்கள் உன்னை ஓட்டலில் அடைத்து, ஃபோனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே. அதனால் இதை உன் டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

இதுவரை நான்கு தடவை கட்சி மாறினாய். நான்கு தடவையும் நான்தான் டைப் அடித்தேன். பழைய கட்சிக்கு, ‘மனசாட்சி உறுத்துகிறது, விலகுகிறேன்’. புதிய கட்சிக்கு, ‘உயிருள்ளவரை உங்கள் நிழலில்’. வாசகத்தைத் தொட்டதே இல்லை, தலைவர் பெயரை மட்டும் மாற்றுவேன். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஒரு தபாலைக்கூடத் தவறவிடாதவன் நான். நேற்று இந்த ஐந்தாவது தடவைக்கு உறையை ஒட்டும் நேரம் பார்த்து உன் அம்மா வந்து, “தம்பி, இந்தக் கட்சியிலயாவது ரெண்டு வருஷம் இருப்பானாடா?” என்று மூக்கைச் சிந்தினாள். அவளைத் தேற்றிக்கொண்டே பசை தடவினேன், கடிதங்கள் உறை மாறிவிட்டன. ஆக, நீ இன்னும் சேராத கட்சியிலிருந்து விலகிவிட்டாய். விலக வேண்டிய கட்சியில் உயிருள்ளவரை இருக்கப்போகிறாய்.

“ரெண்டையும் குடுத்தாச்சு சார், கையெழுத்தும் வாங்கிட்டேன்” என்று உன் டிரைவர் பெருமையாக வந்து நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. நாளைக்கு உனக்கு மந்திரி பதவி என்றார்களே! இத்தனை கட்சி ஏறி இறங்கியது அந்த ஒரு நாற்காலிக்காகத்தானே? அதை நானே கவிழ்த்துவிட்டேனடா. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. உன் அத்தை, “உங்களுக்கு எதுக்குங்க இந்த அரசியல் எல்லாம்?” என்கிறாள். நியாயம்தான். டைப்ரைட்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இனி செத்தாலும் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். என்னை மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் கட்சியில் இருந்தாலும் நன்றாக இரு.

ஆசிகளுடன்,
உன் பாவப்பட்ட மாமா

பி.கு.: இதை மடிக்கும்போது பழைய கட்சித் தலைவரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் நம் ‘உயிருள்ளவரை’ கடிதம், கண்ணெல்லாம் ஈரம். “அவன் ஓடிப்போனது எனக்குத் தெரியும். இதை எழுதுனது யாருங்க?” என்றார். நான்தான் என்றேன். “இப்படி ஒரு விசுவாசியைத்தான் இவ்வளவு நாளாத் தேடிட்டிருந்தேன்” என்று கட்டிக்கொண்டார். அடுத்த தேர்தலில் உன் தொகுதிக்கு நான்தான் வேட்பாளராம். வீடு தேடி வந்த மனுஷனிடம் எப்படி மறுப்பது? நீ விட்டுப்போன வெள்ளைச் சட்டை எனக்குக் கச்சிதமாக இருக்கிறது என்கிறாள் உன் அத்தை. இனிமேல் உன் கடிதங்களுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். மாமாவுக்கு நேரம் இருக்காது.