நாற்பத்தொன்றாவது படம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முப்பத்தாறு படம் எடுக்கும் பிலிம் சுருளில் முப்பத்தெட்டு எடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிமின் நுனியை உருளையின் பிளவில் நன்றாக நுழைத்து, இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூட வேண்டும். நான் நுனியை மட்டும் லேசாகச் செருகிவிட்டு மூடிவிடுவேன். இரண்டு படம் மிச்சமாகும். (அம்மா இதைக் கஞ்சத்தனம் என்பார். நான் கலை என்பேன்.) அந்த இரண்டு படத்துக்கு ஆசைப்பட்டதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு, சிரம்பானிலிருந்து அம்மாவும் நானும் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் பெயர் கவிதா. அவள் அப்பா அங்கே மண்டோர். முப்பது வருடம் ஆட்களை அதட்டி வேலை வாங்கியதில் சிரிப்பதையே மறந்துவிட்ட மனிதர். கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று கவிதாவையும் என்னையும் வாசலில் விட்டார்கள். எனக்குப் பேசத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். பிலிம் கேமராவின் மகிமையைப் பத்து நிமிடம் விளக்கினேன். போனில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்றும் சொல்லிவைத்தேன். அவள் ரொம்ப அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே போனதும் மண்டோர் அவர்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கும் படத்தை வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் காலடியில் வைத்துப் பூ கேட்பார்கள். பூசாரி எடுத்துப் பிரிக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கவிதாவின் அண்ணன் உடனே போனை எடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். அம்மன் காலடிக்குப் போகிற படம் பிலிமில்தான் இருக்க வேண்டும் என்றேன். அம்மா என்னை முறைத்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கேமராவை நாற்காலிமேல் வைத்து, தானாக எடுக்கும் விசையைத் தட்டிவிட்டு, ஓடிப்போய்க் கவிதா பக்கத்தில் நின்றேன். அப்படி ஏழெட்டு. பிறகு குடும்பத்தோடு. பிறகு மண்டோர் தனியாக. அவருக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. வேட்டியில் ஒன்று, பேண்ட் சட்டையில் ஒன்று, வேலைத் தொப்பியோடு ஒன்று என்று மாற்றி மாற்றி வந்து நின்றார். கடைசியில் பல் தெரியச் சிரிக்கவும் செய்தார். வீடே வாயைப் பிளந்து பார்த்தது.

கேமராவில் எண் ஏறிக்கொண்டே போனது. முப்பத்தேழில் மகிழ்ந்தேன். முப்பத்தெட்டில் பூரித்தேன். முப்பத்தொன்பதில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். நாற்பதில் சந்தேகம் வந்தது.

பிலிம் நகர்ந்தால் கேமராவின் மேல் மூலையில் இருக்கும் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். பிலிமை நகர்த்தும் விசையைத் தள்ளிக்கொண்டே குமிழைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. நுனி எப்போதோ கழன்றுவிட்டது. காலையிலிருந்து நான் வெறும் கேமராவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தம்பி, இன்னொன்னு எடுங்கலா. அந்த நீலச் சட்டையில எடுக்கல" என்றார் மண்டோர்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேச்சும் பேசிவிட்டு அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்தொன்றாவது படத்தையும் எடுத்தேன். கண் முழுக்கக் குமிழில்தான் இருந்தது. பிலிம் இருந்திருந்தாலும் அது கோணலாகத்தான் வந்திருக்கும்.

திரும்பும்போது செண்டாயான் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். படம் நல்லா வரும்தானே என்று கேட்டார். வரும் என்றேன். அன்றிலிருந்து தினமும் மண்டோர் போன் அடித்தார். படம் கழுவியாச்சா தம்பி என்பார். கடையில் கொடுத்திருக்கிறேன், கூட்டமாம், மருந்து தீர்ந்துவிட்டதாம் என்று நாளுக்கொரு பொய் சொன்னேன். போன் மணி கேட்டாலே வியர்த்தது. கவிதாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்பது அந்த நாட்களில்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை நேராகத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் மண்டோர் முன்னால் நின்றேன். "அங்கிள், படமே இல்ல. பிலிம் சரியா மாட்டல. ஒரு வாரமா பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும் தம்பி. புள்ள அன்னிக்கே சொல்லிருச்சு. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் தெனமும் போன் அடிச்சேன்" என்றார் அவர்.

அம்மன் காலடியில் ஏற்கனவே ஒரு படம் இருந்தது. பெண் பார்த்த அன்று கவிதா போனில் தன்னைத் தானே எடுத்துக்கொண்டது. முன்னால் அவள் சிரிக்கிறாள். பின்னால் நான், பேயறைந்த முகத்தோடு குமிழையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. அம்மனைக் கும்பிட மறந்து, பக்கத்தில் நின்ற கவிதாவைத்தான் பார்த்தேன்.

கவிதா போர்ட் டிக்சனில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. (அவளிடம்தான் நான் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன்.) குமிழ் சுற்றவில்லை என்பதை எட்டாவது படத்திலேயே பார்த்துவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பா சிரிச்சாருலா" என்றாள்.

இன்றும் பிலிமில்தான் எடுக்கிறேன். நுனியை மட்டும் ஒழுங்காக நுழைத்துவிடுகிறேன். ஆனால் என் மாமனார் வீட்டில் யாரும் என்னை நம்புவதில்லை. நான் எடுத்த எந்தக் குடும்பப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள். ஒருவர் கண்ணும் லென்ஸில் இருக்காது. எல்லோரும் கொஞ்சம் மேலே, ஓரமாக, அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது சுற்றியதைப் பார்த்த பிறகுதான் என் மாமனார் சிரிப்பார்.