அப்பாசியாவின் மிட்டாய்த் தேர்தல்

அதைச் சத்தம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஜன்னல் ஏசி நிற்பது. கடைசியாக ஒரு இருமல்; பிறகு காதுக்குள் ஒரு வெறுமை. குவைத்தின் அப்பாசியா பகுதியில் அப்படி ஏசி நின்றால் பத்திநாதன் அண்ணாச்சி பேசப்போகிறார் என்று பொருள். அவர் பேசி முடிக்கும்வரை வியர்ப்பது தமிழர் கடமை.

எண்பதுகளின் நடுவில் அங்கே நாங்கள் ஆள் சேர்த்துக் கூட்டம் போடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வேண்டாம். ஆகவே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு, பொதுக்குழு, அவசரக் கூட்டம் அனைத்தும் பத்திநாதன் மகளின் பிறந்தநாள்களாகவே நடந்தேறின. அந்தக் குழந்தை வருடத்துக்கு ஐந்தாறு முறை கேக் வெட்டியது. ஒருமுறை இரங்கல் கூட்டத்தில், மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது முறையா என்று வாக்குவாதமே வந்தது.

பத்திநாதன் வகித்த பதவி சாமானியமானதல்ல. இந்தியர் ஒருங்கிணைப்புக் குழுவில் மொழிக்கு ஒரு நாற்காலி உண்டு; தமிழ் நாற்காலி அவருடையது. பள்ளிக்கூட நிர்வாகத்தோடு பேசுவது அந்தக் குழுதான். அங்கே போட்டி கிடையாது. ஒவ்வொரு மொழிக்காரரும் அனுப்பும் ஆள் போய் உட்கார வேண்டியதுதான். எனவே யாரை அனுப்புவது என்று எங்களுக்குள்ளேயே நாங்கள் நடத்தும் முன்தேர்தல்தான் உண்மையான தேர்தல். அதுவும் நடந்ததில்லை. "நானே தொடர்வதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அண்ணாச்சி கேட்பார். வாய் நிறையக் கேக் இருக்கும்போது யாரும் ஆட்சேபிப்பதில்லை.

அந்த வருடம் ஜெபகனி கேக்கை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

அவள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், நாசரேத்துக்காரி. அவள் குடியிருந்த பின்சந்துக்குப் பள்ளி பஸ் வராது. விடியும் முன்பே அவள் டியூட்டிக்குப் போய்விடுவாள்; கணவருக்கு அகமதி எண்ணெய்க் கம்பெனியில் ஷிப்ட். ஏழு வயது மகள் பியூலா காலி மணல்வெளியைத் தாண்டி, லாரி ஓடும் சாலையையும் தனியாகக் கடந்து போய் பஸ் ஏற வேண்டும். இரண்டு தடவை நாய் துரத்தி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, எங்க சந்துக்கு பஸ்ஸு எப்ப வரும்?"

"விஷயம் பரிசீலனையில இருக்கும்மா."

"அவ எல்கேஜி சேர்ந்தப்பவும் பரிசீலனையிலதான இருந்துச்சு. இப்ப ரெண்டாங் கிளாஸ் படிக்கா."

"பாத்தியா, பிள்ளை முன்னேறுது. அது மாதிரி பரிசீலனையும் முன்னேறும்."

"அப்ப இந்தத் தடவை நான் நிக்கேன்."

"எங்க நிக்க?"

"உங்களை எதிர்த்து நிக்கேன்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. மனம் நொந்தார். "போட்டி போடணும்னா மலையாளிகளோட போடு, தெலுங்குக்காரங்களோட போடு. நம்ம ஆளையே நாம எதிர்க்கிறது எந்த ஊர் நியாயம்?"

"மலையாளிக எங்க பஸ்ஸை நிறுத்தலையே அண்ணாச்சி."

பெண்கள் பக்கமிருந்து ஜுலைஹா பீவி, "அவங்க வீட்டுக் கேக்கைத் தின்னுக்கிட்டே இதைக் கேக்கிறியேம்மா" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

வேறு வழியின்றித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்தல் அதிகாரியாக நவரத்தினம் நியமிக்கப்பட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் கணக்காளர். இந்தியர் இல்லை, வாக்கு இல்லை, ஆகவே நடுநிலை. அவர் ஒரு வாரம் யோசித்து விதிகளை வகுத்தார்.

"வாக்குச்சீட்டுக் கூடாது. ஆரும் வந்து விசாரிச்சால், பிறந்தநாளுக்கு வாக்குச்சீட்டு ஏன் எண்டு கேப்பினம். மிட்டாய் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்."

குடும்பத்துக்கு ஒரு வாக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பச்சைத்தாள் மிட்டாய் ஒன்றும் சிவப்புத்தாள் மிட்டாய் ஒன்றும் வழங்கப்படும். அண்ணாச்சி வீட்டுப் படுக்கையறைக்குள் போய், வேண்டிய வேட்பாளரின் மிட்டாயை அங்கிருக்கும் காலி நிடோ பால்பவுடர் டின்னில் போட வேண்டும். ரகசியம் காக்கும் பொருட்டு மற்ற மிட்டாயை அங்கேயே தின்றுவிட வேண்டும்.

பதவியில் இருப்பவருக்கே முதல் தேர்வு என்பது மரபு. பத்திநாதன் பச்சையை எடுத்துக்கொண்டார். அது மூக்கில் ஏறும் காரமான புதினா மிட்டாய். அவர் ஒருவர்தான் அதை விரும்பிச் சாப்பிடுவார். பேசுகிற தொண்டைக்கு நல்லதாம். ஜெபகனிக்குச் சிவப்பு வந்தது. உள்ளே பால் வைத்த கேரமல்.

"சார், ஒரு சந்தேகம். எனக்கு ஓட்டுப் போடணும்னா சிவப்பை டின்னுல போட்டுட்டு, பச்சையைத் தின்னணும். அப்படித்தான?"

"அப்பிடித்தான்."

"அந்தப் பச்சையை யாரு திம்பா?"

நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது தேர்தல் அதிகாரியின்ர அதிகார வரம்புக்குள்ள வாற விசயம் இல்லை, பிள்ளை."

அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமை மாலை வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. அப்பாசியாவில் ஒரு வீட்டுக்குக் குடும்பமாக அழைத்தால் குடும்பமாகத்தான் போவோம். எனவே வாக்காளர்கள் பிள்ளைகளோடு உள்ளே போனார்கள். போகும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொள்கையோடு போனது. ஜெபகனியிடம் கண் ஜாடை காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. கதவு மூடியதும் ஒரு சிணுங்கல் கேட்கும்; பிறகு ஒரு அதட்டல்; அதன் பிறகு நிம்மதி. வெளியே வரும்போது பிள்ளையின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

டின் கவிழ்க்கப்பட்டது. ஜமுக்காளம் முழுக்கப் பச்சை, மழைக்குப் பிறகு முளைத்த புல் மாதிரி. நடுவில் ஒரே ஒரு சிவப்பு.

"பச்சைக்கு அமோக வெற்றி" என்றார் நவரத்தினம். "சிவப்புக்கு ஒண்டு."

ஜெபகனி தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பியூலா சப்புவதை நிறுத்திவிட்டு, "நீதானம்மா எடுத்துக்கோன்னு தந்த" என்றாள்.

ஏசி நின்றது. பத்திநாதன் நன்றியுரைக்கு எழுந்தார். மக்கள் தம்மீது வைத்த அசைக்க முடியாத நம்பிக்கை பற்றி அவர் பேசப் பேச, முன்வரிசையில் இருந்த எங்கள்மீது புதினா வாசம் குளிர்ச்சியாக வந்து விழுந்தது. தம் மிட்டாயை வாயிலும் எதிரியின் மிட்டாயை டின்னிலும் போட்ட அந்த ஒருவர் யார் என்று எங்களுக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணமும் இருந்தது: அன்று படியிறங்கும்போது ஒவ்வொரு குடும்பமும் ஜெபகனியைத் தனியாக அழைத்து, "அந்த ஒரு ஓட்டு எங்களோடதும்மா" என்று சொல்லியிருந்தது.

மறுநாள் ஜெபகனி லீவு போட்டாள். தோற்றுவிட்டதால் இனிப் பேச அவளுக்கு மேலிடம் எதுவும் இல்லை. ஆகவே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்குமிடத்துக்கே போய் பாகிஸ்தான்காரரான பட்டாண் டிரைவரிடம் அரைகுறை ஹிந்தியில் கேட்டாள்: எங்கள் சந்துக்கு வர முடியுமா?

அவர் சந்தை எட்டிப் பார்த்தார். "அச்சா. அந்தப் பக்கம்தான், தங்கச்சி, நான் வண்டியைத் திருப்புறேன். பிள்ளைங்க இருக்குன்னு யாரும் சொல்லவே இல்லையே."

ஞாயிறு காலை பஸ் சந்துக்குள் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திநாதன் மகளுக்கு அவசரப் பிறந்தநாள். பிரதிநிதியின் இடையறாத முயற்சியால் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியதற்குப் பாராட்டுத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஜெபகனியும் தட்டினாள். பக்கத்தில் இருந்த நான், "நீயுமா?" என்றேன்.

"பஸ் நின்னுபோயிரக் கூடாதுல்லா, அக்கா" என்றாள்.

அதன் பிறகு அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. தொண்ணூறு ஆகஸ்டில் ஈராக் ராணுவம் ஊருக்குள் வரும்வரை அவர்தான் தமிழர் பிரதிநிதி. நாங்கள் எல்லோரும் ஜோர்டான் வழியாகத் திரும்பி, ஆளுக்கொரு திசையில் கரைந்தோம். பத்திநாதன் தூத்துக்குடியில் ஒரு பெயிண்டுக் கடை வைத்தார். அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத் தேர்தலில் இரண்டு முறை நின்றார். இரண்டு முறையும் தோற்றார்.