தையல் பழகியது பற்றிச் சேந்தமங்கலத்துக்கு ஒரு விளக்கம்

அர்த்தநாரீசுவரர் துணை

ஆட்டையாம்பட்டி,
தாது வருஷம் பங்குனி 8

சேந்தமங்கலம் சுவாமிநாதன் அவர்கள் சமூகத்துக்கு, சம்பந்தியாகும் பாக்கியம் இன்னும் கைநழுவவில்லை என்று நம்பியிருக்கும் சென்னியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே சகலரும் சுகம். தங்கள் கடுதாசி வந்தது முதல் நான் மட்டும் சுகமில்லை.

நிச்சயம் செய்து உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறித்த பிறகு, "வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். காரணம் நான் எழுதிய ஒரு வார்த்தை. "மகள் கமலவேணி ஆறு மாதமாகத் தையல்காரர் மயில்சாமியிடம் பழகி வருகிறாள், நன்றாகப் பழகிவிட்டாள்" என்று பெருமையாக எழுதினேன். தறி பழகினான், வண்டி பழகினான் என்று நம்ம பக்கம் சொல்வதில்லையா? அதுதான் இது. மயில்சாமி பேரன் எடுத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா கதவா என்று தெரியாது. முதலில் கால் பழகணும், அப்புறம்தான் கை பழகும் என்று அவர் சொன்னதையும் நான்தான் புத்திகெட்டு எழுதித் தொலைத்தேன். அது மெஷின் மிதிக்கிற காலுங்க. வெற்றிலைத் தட்டில் வேட்டி வைத்து அவருக்குக் கொடுத்தாள் என்று உங்களிடம் எவனோ சொன்னானாம். தொழிலில் சேருகிற அன்று வைக்கிற தட்சிணை அது. அவர் சம்சாரத்துக்கும் ஒரு சேலை வைத்தோமே, அதை அவன் ஏன் சொல்லவில்லை?

என் சம்சாரம் மாரக்காள் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. "கத்துக்கறான்னு எழுதியிருந்தா உங்க பேனா தேஞ்சு போயிருமாங்க?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டாள். எனக்கு ஒரே பெண். ஒரு வார்த்தைக்காக அவள் கல்யாணம் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. அந்தக் கடையில் பெண்பிள்ளைகள் மட்டும்தான் பழகுகிறார்கள், தப்பு, கற்றுக்கொள்கிறார்கள். வாலிபர் ஒருவர்கூட அங்கே கால் வைத்ததில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. மனசு இரங்க வேண்டும்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் மயில்சாமியிடமும் ஒரு கையெழுத்து வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அங்கே ஒரு வாலிபர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் கமலவேணி ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணப் பத்தி விசாரிக்க வந்தாருங்க, பத்து நாளா இங்கயேதான் இருக்காரு" என்றார் மயில்சாமி. வாலிபர் தலையைத் தூக்கினார். சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு வந்த தங்கள் மகன் தண்டாயுதபாணி. காஜா ஒன்றுகூட நேராக இல்லை. ஊருக்கு எப்போது போவதாக உத்தேசம் என்று கேட்டேன். "கமலவேணி போகச் சொன்னாப் போறேனுங்க மாமா" என்கிறார்.