மாமாவின் வயதை நான் நிரூபித்த கதை

ஒரு மனிதருடைய வயது யாருக்குச் சொந்தம்? நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலையில், நாற்பது பேர் எதிரில், மைக்கின் முன்னால் நின்றுகொண்டு நானாகவே அதை வரவழைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. விலங்கியலில் பட்டம் வாங்கிக்கொண்டு புத்தூரில் வீட்டோடு இருந்தேன். அடுத்த ஆண்டு சென்னைக்குப் போய் முதுமையைப் பற்றி ஆராய்வது என் திட்டம். அதற்குள் சமூகத்துக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தேன். (சமூகம் என்னிடம் எதையும் கேட்கவில்லை.) குறைவாக உண்ணும் எலிகள் நெடுநாள் வாழ்கின்றன என்று கல்லூரி நூலகத்தில் படித்துவிட்டு, அப்பாவின் காலை இட்லியை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தேன். மீதி மூன்றை அவர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஓட்டலில் சாப்பிடுகிறார் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. எலிகளுக்கு ஓட்டல் கிடையாது என்பதை அந்தக் கட்டுரை குறிப்பிடவில்லை.

அப்பா கைவிட்ட நிலையில் எனக்குக் கிடைத்த உயிருள்ள சான்று, அம்மாவின் அண்ணன் சூசை மாமா. ஸ்ரீரங்கம் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். பஸ் நிற்கும்முன் ஏறுவார். நின்ற பிறகு இறங்கியதாக வரலாறு இல்லை. பஸ்ஸில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாடித்துடிப்பைச் சோதிக்க அவரை மலைக்கோட்டைப் படிகளில் உச்சிவரை ஏற்றினேன். கடைசியில் என் நாடியை அவர்தான் பார்த்தார்.

“மாமா, உங்க வயசு?”

“அம்பத்து மூணுன்னு எழுதிக்க.”

“எழுதிக்கறது இருக்கட்டும், நிஜத்துல எவ்வளவு?”

“எழுதத்தானே கேக்குற? எழுதிக்க.”

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தேழு. அண்ணன் தங்கையைவிட நான்கு வயது இளையவராக இருப்பதற்கு விலங்கியலில் இடமில்லை. அந்தக் காலத்தில் பலருக்கும் வீட்டில் ஒரு வயது, வேலையில் ஒரு வயது இருந்தது. ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம், பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியாது. மாமா அடக்கத்தால் மறைக்கிறார் என்று நினைத்தேன். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் நிஜ வயது பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடக்கும். கல்யாணத்துக்கு அன்றி யாரும் அதைப் புரட்டுவதில்லை. நான் புரட்டினேன். அறுபத்திரண்டு. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் சொல்லிக் கோயில் முத்திரையோடு ஒரு நகலும் வாங்கிக்கொண்டேன்.

விளைவுகளை எடைபோடாமல் நான் எதையும் செய்வதில்லை. மாமாவை மேடையேற்றிப் பாராட்ட, ஸ்ரீரங்கம் வாசகசாலையில் ‘நலமோடு நீண்ட ஆயுள்’ என்று ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். அதில் நேரக்கூடிய இடையூறுகளை நோட்டில் எழுதிப் பார்த்தேன்: மழை வரலாம், மைக் பழுதாகலாம், மாமா கூச்சப்படலாம். தலைமை தாங்க பஸ் கம்பெனி முதலாளியையே அழைத்திருந்தேன். அவர் முன்னால் பாராட்டினால் மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் அல்லவா?

“முதலாளி எதுக்கும்மா?” என்றார் மாமா.

“உங்க நல்லதுக்குத்தான் மாமா.”

அந்தக் கம்பெனியில் ஓய்வு வயது ஐம்பத்தைந்து. மாமாவின் மகள் ஸ்டெல்லா அப்போதுதான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். முடிக்க இரண்டு வருடம். அதுவரை அந்த வீடு ஓட வேண்டியது மாமாவின் சம்பளத்தில்தான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தனித்தனியாகத் தெரியும்.

மாமாவை மேடையில் நிறுத்தி, சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் புஜத்தைக் காட்டினேன். “பார்ப்பவர்களுக்கு இவர் ஐம்பத்து மூன்று. பதிவேட்டின்படி அறுபத்திரண்டு” என்று அறிவித்தேன். கைதட்டல். முன்வரிசையில் இருந்த வைஷ்ணவப் பெரியவர் ஒருவர் உண்மையான அக்கறையோடு, “பேஷ். சஷ்டியப்தபூர்த்தி ஆயிடுத்தோ?” என்று கேட்டார். மாமா மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

முதலாளி நல்ல மனிதர். பின்வரிசையில் அவருடைய கண்டக்டர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பதை ஒரு முறை பார்த்துவிட்டு, “புத்தகத்துல ஏதாவது தப்பா இருக்கும்மா. சூசைங்கற பேரு உங்க ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இருக்குமே. இது வேற சூசையா இருக்கும்” என்றார்.

மாமா தப்பிப்பதற்கு அவர் கதவைத் திறந்து வைத்தார். அதை நான் அறிவியல் மீதான ஐயமாக எடுத்துக்கொண்டேன்.

“இல்லைங்க ஐயா. அப்பா பேரு, அம்மா பேரு, ஞானத்தகப்பன் பேரு எல்லாம் ஒத்துப்போகுது. இதோ பாருங்க, முத்திரையோட நகல்.”

நகலை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைப் படித்தார் என்று சொல்ல மாட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ரொம்ப நல்லாப் பேசினீங்க” என்றார்.

திரும்பும்போது மாமா பஸ் முழுதாக நின்ற பிறகு ஏறினார். ஏறியதும் உட்கார்ந்தார். எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. காவிரிப் பாலத்தின் மேல் போகையில், “மாமா, நான் வந்து...” என்று தொடங்கினேன்.

“சொல்லும்மா. மைக்குதான் இல்ல.”

அந்த மாதக் கடைசியோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. பேசியபோது, “ஒரே சாயங்காலத்துல என் வீட்டுக்காரருக்கு ஒம்பது வயசு கூட்டுனவளாச்சே நீ, உக்காரு, காப்பி குடி” என்றாள்.

மாமாவின் ஆரோக்கியத்துக்கு நான் எழுதி வைத்திருந்த காரணங்கள் கேழ்வரகுக் கஞ்சி, நடை, நேரத்தோடு உறக்கம். மூன்றையும் அவர் விடவில்லை. ஆனாலும் அரை வருடத்துக்குள் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடத் தொடங்கினார். வேலை என்பது என் பட்டியலிலேயே இல்லை.

சென்னை, ஆராய்ச்சி எல்லாம் அத்துடன் முடிந்தன. ஸ்டெல்லாவின் படிப்பு நிற்கக் கூடாது என்று ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் ஆசிரியையானாள். இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது யாருடைய வயதையாவது கேட்டால், “அவளக் கேளுங்க, முத்திரை போட்டே குடுப்பா” என்று என்னைக் காட்டுகிறவள் அவள்தான்.

அந்தக் கூட்டம் நடந்து ஆறு வருடம் கழித்து மாமா போனார். கல்லறைக் கல்லில் எந்த வயதைப் பொறிப்பது என்று பேச்சு வந்தபோது, அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். “அம்பத்தொம்பதுன்னே போடுங்க. அவரு சொன்ன கணக்கு அதுதான்” என்றாள் அத்தை. நீண்ட ஆயுளுக்கு நான் காட்டிய ஒரே சான்று, கல்லின்படி அறுபதைத் தொடவில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என் மேசைக்கு வருகிறது. பெற்றோர் சொல்லும் பிறந்த தேதியை, நிமிர்ந்து பார்க்காமல் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.