மாப்பிள்ளையை ஏற்றப் போன ரேஸ் டயர்

டயரைப் பற்றி அதிகம் பேசுகிறவனிடம் ஒரு நல்ல காரியத்தை நம்பி ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிப் பேசித் திரிந்தவன் நான்தான்.

அப்போது குரொய்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை. சம்பளம் முழுவதும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் போய்க்கொண்டிருந்தது. கோடையில் நண்பர்களோடு ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் போவதற்காக ட்ராக் டயர் வாங்கிப் பூட்டினேன். பார்த்தால் மொட்டையாக இருக்கும். மழைத்தண்ணீரை வெளியே தள்ளுகிற வெட்டுகள் பேருக்குத்தான். சூடேறினால் ரப்பர் இளகி, தரையைக் கவ்விப் பிடிக்கும். சூடேறாவிட்டால் என்னவாகும் என்று கடைக்காரர் விளக்கமாகச் சொன்னார். நான் அந்த நேரம் டயரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ட்ராக்கில் என்னை எல்லோரும் முந்திப் போனார்கள் (ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கை காட்டிவிட்டு முந்தினார்). ஆனாலும் அந்த டயரைக் கழற்ற மனம் வரவில்லை. கோடை போய், இலையெல்லாம் கொட்டி, தை பிறந்தது. அக்காவின் கலியாணமும் வந்தது.

எங்கள் முறையில் மாப்பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது பெண்ணின் சகோதரன். தோழன் என்பார்கள். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப் போவதும் அவனேதான். மாப்பிள்ளை மணவறையில் அமர்ந்து கிரியைகள் தொடங்கிய பிறகுதான் பெண்ணையே கூப்பிடுவார்கள். ஆகவே அன்று காலை அக்காவின் கலியாணம் முழுவதும் என் காரை நம்பி இருந்தது.

அக்கா ஒரு வாடகைக் கார் பிடிக்கலாம் என்றுதான் சொன்னாள். வீட்டில் இப்படியொரு கார் நிற்க வாடகைக் காரா என்று நான் ஒரு வாரம் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா என் பக்கம் சாய்ந்ததும் அக்கா விட்டுக்கொடுத்தாள்.

"முகூர்த்தத்துக்கு முன்னம் ஆளைக் கொண்டுவந்து சேர். உன்னட்டை வேறொண்டும் கேக்கேல்லை," என்றாள்.

மாப்பிள்ளை மயூரன் நோர்வேயில் வளர்ந்தவர். கலியாணத்துக்காக நோர்பரியில் தன் பெரியம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தார். மண்டபம் விம்பிள்டன் பக்கம். பெரியம்மாவின் வீடு ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. நான் போன காலையில் தெருவெல்லாம் வெள்ளையாய் உறைபனி. மேடு ஏறும்போதே காரின் பின்பக்கம் இடுப்பை ஆட்டியது. எனக்கென்னவோ அது கலியாணக் குஷியாகத்தான் பட்டது.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வெளியே வந்த மாப்பிள்ளை என் காரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தார்.

"மச்சான், இந்தக் குளிருக்கு இது சரிவருமோ?"

"அத்தான், இது ரேஸ் டயர்," என்றேன், மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவனைப் போல.

அவர் பணிவாகத் தலையாட்டினார். மாப்பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள் போலும்.

இனிப் பெரியம்மாவின் பங்கு. சுபகாரியத்துக்குப் போகிற கார் சும்மா புறப்படலாமா? நான்கு சக்கரங்களுக்கும் கீழே தேசிக்காய் (எலுமிச்சைதான்) வைத்தார். காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். ஆலாத்தி எடுத்து மஞ்சள் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார். கண்ணூறு பொல்லாதது என்று மேலும் ஒரு செம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தார். உடனே புறப்பட்டிருந்தாலாவது தப்பியிருப்போம். கலியாணத்துக்குப் பிடித்திருந்த போட்டோகிராபர் விடவில்லை. மாப்பிள்ளை காரில் ஏறுகிற காட்சி அவருக்குத் திருப்தியாக அமையவில்லை (ஏறுங்கோ, இறங்குங்கோ, இப்ப சிரிச்சுக்கொண்டு ஏறுங்கோ). அதற்குள் ஊற்றிய தண்ணீரெல்லாம் உறைந்து, மஞ்சள் நிறத்தில் அருமையான ஒரு பனித்தரை தயாராகிவிட்டது.

சத்தம் கேட்கட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. தேசிக்காய் சிதறி, வழியனுப்ப நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவின் வெள்ளைச் சால்வையில் அப்பியது. பிறகு கார் நகர்ந்தது. பக்கவாட்டில் நகர்ந்தது. பள்ளத்தை நோக்கி நகர்ந்தது.

வேகமாகச் சறுக்கியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கார் நடைவேகத்தில் சறுக்கியது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கூடவே நடந்து வந்து ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பிறேக்கைப் பிடிக்கச் சொன்னார் பெரியப்பா. இரண்டு காலாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையாரை நினைக்கச் சொன்னார் பெரியம்மா. அதையும் ஏற்கெனவே தொடங்கியிருந்தேன். போட்டோகிராபர் மட்டும் புத்தி சொல்லவில்லை. அவர் முன்னால் ஓடிப்போய் எங்கள் வரவைப் படம் எடுத்தார்.

கடைசியில் கார் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வேலிச்செடிக்குள் மூக்கை நுழைத்து, தெருவுக்குக் குறுக்கே நின்றது. அவர் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். தலைப்பாகையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒடுங்கிய தெரு. மாப்பிள்ளை வீட்டாரின் மற்றக் கார்கள் எல்லாம் எனக்குப் பின்னால் மேட்டில் மாட்டிக்கொண்டன. முகூர்த்தமோ ஒருவருக்காகவும் நிற்காது. அலங்காரத்தோடு காத்திருக்கிற அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

"மச்சான், பிறேக்கில இருந்து காலை எடும்," என்றார் மாப்பிள்ளை. "இறங்கி இஞ்சாலை வந்து இரும். நான் ஓடுறன்."

ஓட்டுநர் இருக்கையில் தலைப்பாகை கூரையில் இடித்தது. கழற்றி என்னிடம் தந்தார். பெரியம்மாவிடம் வெறும் அரிசிச் சாக்குகள் கேட்டு வாங்கி, பின் சக்கரங்களின் கீழே விரிக்கச் செய்தார். நோர்வேப் பனியில் ஓட்டிப் பழகியவர், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல அந்தக் காரை மெல்ல வெளியே எடுத்தார். (இன்சூரன்ஸ்? யார் ஓட்டினாலும் செல்லும்படிதான் எடுத்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.)

விம்பிள்டன் வரை சைக்கிள் வேகம். எங்களை முந்திய பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். அக்காவின் போன் வந்தது. எடுக்கக் கை வேண்டுமே என்று தலைப்பாகையைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"எங்கை நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறம் அக்கா. அத்தான்தான் ஓடுறார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அப்ப பயமில்லை," என்று வைத்துவிட்டாள். அன்று விழுந்த அடிகளில் இதுதான் நன்றாக வலித்தது.

மண்டப வாசலில் நாதஸ்வரம் தொடங்கியது. எங்கள் சித்தி ஆலாத்தித் தட்டோடு ஓடிவந்து, இறங்கிய தலைப்பாகைக்குச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். பிறகுதான் அது நான் என்று கண்டார். அந்தப் பக்கக் கதவைத் திறந்து, வெறுந்தலையோடு இறங்கிய மாப்பிள்ளை, காரைப் பூட்டிவிட்டு வந்து வரிசையில் நின்றார்.

முகூர்த்தம் தப்பவில்லை. வாசலில் நான் அவருடைய காலைக் கழுவினேன். எந்தத் தோழனும் அவ்வளவு பக்தியோடு கழுவியிருக்க மாட்டான். வழக்கப்படி என் விரலில் மோதிரம் போட்டவர், குனிந்து காதுக்குள் சொன்னார்:

"இதை வித்தெண்டாலும் ஒரு விண்டர் டயர் வாங்கும்."

வாங்கினேன். (மோதிரத்தை விற்கவில்லை.) ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அது போதவில்லை. போன மாதம் சித்தியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். சாதகம் பொருத்தம், பையன் டாக்டர், நல்ல குடும்பம். அவளுக்குச் சொந்தச் சகோதரன் இல்லாததால் தோழன் நான்தான் என்று முடிவானது. எல்லோரும் திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பெற்ற அம்மாவே மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டார்:

"எல்லாம் சரி. மாப்பிள்ளைப் பெடியனுக்குக் கார் லைசென்ஸ் இருக்கோ?"