அறுபது கதிரையும் ஒரு விவரணப்படமும்

சுதேஷ், கம்பளை ஹபீல் ஹாஜியாருக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அறுபது பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஜெனரேட்டர், இரண்டு விளக்கு, இரண்டு நாள் வாடகை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கடன் கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஐயா, அம்மா, விவரணப்படக்காரர் என்றொரு இனம் நம் மத்தியில் உலவுகிறது. கண்டிக் குளக்கரையில் நின்று கொக்கைப் பார்ப்பதுபோல் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் உங்களுக்கும் தென்படும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நாற்பது வருடமாக ஆளின் முகத்தைப் பார்த்தே எடைபோட்டுவிடுகிறவன். என் கணக்கு பிசகியதில்லை. தோளில் துணிப்பை, பையில் நாலு ஹார்ட் டிஸ்க், பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் ஒரு சட்டம் போட்டு அதற்குள் உங்கள் மூக்கை வைத்துப் பார்க்கும் பழக்கம், "ஆழமா" என்ற சொல்லைப் பத்து நிமிடத்தில் பதினாறு தரம் சொல்லும் வாய், நாலு வருடமாக "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சி" என்ற நிலையிலேயே இருக்கும் படம். இவ்வளவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அவர்தான் அவர்.

பேராதனைப் பக்கம் இருக்கும் நம் சுதேஷின் படம் எதைப் பற்றியது? தொழில்நுட்பமும் மனிதத் தொடர்பும். போன் வந்தபின் மனிதனுக்கு மனிதன் தூரமாகிவிட்டான் என்று அவர் உருகி உருகிச் சொல்வார். அதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் எல்லோரும் போனை மேசையில் கவிழ்த்து வைக்கவேண்டும். அவர் மட்டும் போனை நிமிர்த்திப் பிடித்திருப்பார். படம் எடுக்கவேண்டாமா?

யார் அழைத்தாலும் எடுக்கமாட்டார். பதிலுக்கு மூன்று நாள் கழித்து, மனிதர்கள் குரல் கொடுத்துப் பேசாமல் போனதைப் பற்றி ஆறு நிமிடக் குரல் பதிவு ஒன்று வரும். வீட்டுக்குப் போனால் மனைவி நிரோஷினி வாசலிலேயே மறிப்பார். மாநகரசபையில் வேலை பார்த்து வீட்டைத் தாங்குகிறவர் அவர்தான்.

"அவரு உள்ள மனித உறவுகள எடிட் பண்ணிக்கிட்டு இருக்காரு. நானே பேசி மூணு நாளாச்சி. வேணும்னா கமெண்ட்ல எழுதுங்க."

கதிரை எதற்கு என்கிறீர்களா? மகாவலிக் கரையில் அறுபது பேரை உட்காரவைத்து, எல்லோரும் குனிந்து போன் பார்ப்பதுபோல் ஒரு காட்சி. 'மனிதம்' என்ற வட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போனது. நூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல் விழுந்தது. வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் வழி தவறி வந்த மீன் வியாபாரி. சுதேஷ் தளர்ந்தாரா? இல்லை. வெறுங் கதிரைகளைப் பார்த்துக் கண் கலங்கி, "இதுதான் இன்னும் ஆழம்" என்று இரண்டு நாளும் அதையே எடுத்தார். வெறுங் கதிரைக்கும் வாடகை வாடகைதான். அது அவருக்கு ஆழமாகப் படவில்லை.

இனி ஹபீல் ஹாஜியாருக்கு வருவோம். கல்யாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் கதிரை கொடுத்து முப்பத்தெட்டு வருடம் தொழில் செய்தவர். ஒரு சதம் எங்கும் நின்றதில்லை. அதுதான் அவருடைய பட்டம், பதக்கம் எல்லாம். அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கடன்காரன் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போவார். முன் அறையில் உட்காருவார். மழையைப் பற்றிப் பேசுவார், பிளேன்டீ குடிப்பார், காசைப் பற்றி மூச்சு விடமாட்டார். இரண்டாவது கோப்பையில் வீட்டுக்காரனுக்கு வியர்க்கும். மூன்றாவது கோப்பைக்கு முன் காசு வந்துவிடும். நாவலப்பிட்டி தொடங்கித் தெல்தோட்டை வரை இந்த முறைக்குத் தப்பினவன் இல்லை.

பதினாலு தரம் போனில் அழைத்து அலுத்தபின் சுதேஷ் வீட்டுக்கும் போனார். உட்கார்ந்தார். மழையைத் தொடங்கினார். சுதேஷுக்கு வியர்க்கவில்லை, கண் மின்னியது.

"நாநா, அப்படியே இருங்க! அசையாதீங்க! இந்தக் காலத்துல ஒரு மனுசன் போன் பண்ணாம, நேர்ல வந்து, சும்மா உக்காந்துட்டுப் போறதுன்னா... ஐயோ, என் படத்துக்கே நீங்கதான் நாநா உசிரு! சொல்லுங்க, ஏன் நேர்ல வந்தீங்க?"

கெமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஹாஜியாருக்குள் என்னவோ நடந்தது. தொப்பியைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மனுசர்ட மொகம்தான் பெருசு தம்பி. காசு இன்டைக்கி வரும், நாளைக்கிப் போகும். நான் காசுக்கு வார மனுசன் இல்ல."

வாயைப் பாருங்கள்! தான் சொன்னது என்ன என்று பஸ் கெலிஓயா வந்தபோதுதான் அவருக்கே உறைத்தது.

வீட்டில் மனைவி மஸீனா கேட்டார். "காசி தந்தானா?"

"படம் எடுத்தான்."

"எத்தின ரூவாக்கி?"

அடுத்த வெள்ளி போனார். அதற்கடுத்த வெள்ளியும் போனார். இஸ்திரி போட்ட சாரம், புதுத் தொப்பி, காதுக்குப் பின்னால் அத்தர்.

"நீங்க கடன் காச அறவிடவா போற, மாப்பிள்ளையாப் போறா?" என்றார் மஸீனா.

சுதேஷ் ஒவ்வொரு முறையும் அவருடைய கதையைக் கேட்பார். ஹாஜியாரும் ஒவ்வொரு முறையும் சொல்வார். முதல் வாரம் பன்னிரண்டு கதிரையோடு தொழில் தொடங்கினவர், மூன்றாம் வாரம் எட்டுக் கதிரையோடு தொடங்கினார், ஐந்தாம் வாரம் நாலு. ஆறாம் வாரம் கால் உடைந்த ஒரே ஒரு முக்காலிதான் மிஞ்சியது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் வெறுந்தரையில் தொடங்கியிருப்பார். பிளேன்டீ மட்டும் தவறாமல் வந்தது. காசு வரவில்லை.

இதற்கிடையிலேயே வினை இரண்டு நிமிட முன்னோட்டமாக வந்திருந்தது. ஊரெல்லாம் போனுக்குப் போன் பாய்ந்தது. நடுவில் ஹாஜியார், பின்னால் புல்லாங்குழல்: 'நான் காசுக்கு வார மனுசன் இல்ல.'

மறு வாரம் நாவலப்பிட்டிக் கல்யாண வீடு ஒன்றில் போய் உட்கார்ந்தார். மணமகனின் வாப்பா மூன்றாம் கோப்பையையும் சிரித்துக்கொண்டே ஊற்றினார். "ஹாஜியார், வீடியோ பார்த்தோம். மாஷா அல்லாஹ்! உங்களப் போல மனுசன் எங்க ஈக்கி? காச மெதுவாப் பார்த்துக்குவோம்." தெல்தோட்டையிலும் அதே பேச்சு. ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் வாடகை நின்றது. முப்பத்தெட்டு வருடப் பெயர் ஒரு புல்லாங்குழலில் போய்விடும் போலிருந்தது. ஹாஜியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"வாயால கெட்டத படத்தாலதான் சரிசெய்யோணும்," என்றார் மஸீனா. ஏழாவது வெள்ளி அவரும் பஸ் ஏறினார்.

சுதேஷின் முன் அறையில் உட்கார்ந்து, பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, அப்பாவிபோலக் கேட்டார். "தம்பி, எனக்குப் படம் கிடம் வெளங்காது. இந்த மனுசன் ஏழு வெள்ளி வந்து போறார். பாக்கிற ஆக்கள் கேப்பாங்கதானே, கடைசில என்ன நடந்த எண்டு?"

சுதேஷ் எழுந்து நின்றார். நாலு வருடமாக முடியாத படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது. "அந்தக் கடன் அடையணும்! கையில இருந்து கைக்கு! அதுதான் க்ளைமெக்ஸ்!"

"பேங்கால அனுப்பினாலும் பரவாயில்ல," என்றார் மஸீனா, இன்னும் அப்பாவியாக.

"அனுப்பினா அது வெறும் இலக்கம் மாமி! தாள் கையில படணும். அந்தத் தொடுகை!"

நிரோஷினி உள்ளே போனார். அலுமாரி திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. சுதேஷ் ட்ரோன் வாங்கச் சேர்த்திருந்த காசோடு வந்து நின்றார். அவ்வளவு வேகமாக அவர் நடந்ததை அந்த வீடு கண்டதில்லை.

சுதேஷ் போனைத் தாங்கியில் நிறுத்தினார். ஹாஜியாரின் காதில் மெல்லச் சொன்னார். "நாநா, இது சும்மா ஷொட்டுக்கு. முடிஞ்சதும் திருப்பித் தந்துருங்க. அடுத்த மாசம் கட்டாயம்."

தாள் தாளாக எண்ணிக் கொடுத்தார். பத்துத் தாளும் ஹாஜியாரின் கைக்கு வந்தது. ஏழு வாரமாகக் காத்த காசு. அவர் என்ன செய்தார் தெரியுமா? கெமராவைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மொகம் சரியா விழுந்ததா? தொப்பி கொஞ்சம் சரிஞ்ச போல. இன்னொருக்கா எடுப்பமா?" என்று பத்துத் தாளையும் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார்.

மஸீனா கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். யாராவது போனை உங்கள் பக்கம் திருப்பினால் தலைமயிரைத் தடவுகிறீர்களா? வயிற்றை உள்ளே இழுக்கிறீர்களா? காசு பெரிதில்லை என்று, கேட்காமலே ஒரு வார்த்தை உதிர்க்கிறீர்களா? இதைக்கூடப் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தானே வாசிக்கிறீர்கள்? படம் எடுக்கும் இனம் ஒன்று, எடுபடும் இனம் ஒன்று. இரண்டிலும் சேராத ஆளை எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒருவரைத்தான் கண்டேன்.

"அவர்ட கை நடுங்குது தம்பி, படத்துக்கு நல்லமில்ல," என்றபடி மஸீனா கணவரைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு முன்னால் வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டு, வலது கையை விரித்து நீட்டினார். "எங்கட தொழில்ல கதிர எண்ணுறது அவர். காசி எண்ணி எடுக்கிறது நான். உள்ளதத்தானே நீங்க எடுக்கோணும்? வாய்விட்டு எண்ணுங்க. நாவலப்பிட்டிக்கும் கேக்கோணும். நான் கெமராவப் பாக்க மாட்டேன்."

சொன்னபடி பார்க்கவும் இல்லை. அவர் கண் தாளிலேயே இருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. அறைக் கதவில் சாய்ந்து நிரோஷினி பார்த்துக்கொண்டிருந்தார். சுதேஷ் உருக்கமான முகத்தோடு ஐயாயிரம் தாள் ஐந்தை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். பிறகு ஐந்நூறு தாள்கள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் அவருடைய விரல் சற்று ஒட்டிக்கொண்டது. மஸீனாவின் கை அசையவில்லை.

"பத்து," என்றார் சுதேஷ்.