எலிக்குப் பூர்வீகம் பார்ப்பவர்

எலியைக் கண்டால் சிலர் அலறுவார்கள், சிலர் விறகுக்கட்டையை எடுப்பார்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. எலிக்குச் சொந்த ஊர் எது என்று விசாரிக்கும் ரகம். காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தில் அந்த ரகத்துக்குத் தலைவர் சோமசேகரன்.

செத்த எலி ஒன்று கிடைத்தால் போதும், வாலைப் பிடித்துத் தூக்கி, சாண் போட்டு அளந்து, காதை விரித்துப் பார்த்து, டீக்கடையில் நாலு பேரை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்து, "பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்த சாதி இது" என்று தீர்ப்புச் சொல்வார். பிரெஞ்சுக்காரன் போய் இருபத்தைந்து வருஷமாகிறது. அவருடைய வயலில் இருப்பவை மட்டும் சுத்தமான உள்ளூர் எலிகள். அது எப்படி என்கிறீர்களா? அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் இரண்டாவது டீ குடிக்க வேண்டியிருந்தது.

எலி ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர், வந்தேறி எலி பெருகினால் சில உள்ளூர் இனங்கள் அழிந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாலைப் பார்த்து வம்சம் சொல்ல முடியாது, ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாவதைச் சோமசேகரன் காதில் வாங்கவில்லை.

மார்கழியில் கதிர் பால் பிடித்தது. ஒரே சாயங்காலத்தில் எல்லா வயலிலும் மூங்கில் கிட்டிப் பொறி வைத்து எலி பிடிப்பது ஊர் வழக்கம். வைப்பவன் எலி பிடிக்கிற கருப்பையன். ஒரு வயலை விட்டாலும் எலியெல்லாம் அங்கே ஒதுங்கிவிடும். சோமசேகரனுக்குப் பக்கத்து வயல்காரி தையல்நாயகிக்கு இருப்பதே மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். வருஷச் சாப்பாடு அதில்தான்.

"அண்ணே, ஒங்க வரப்புல வளை இருக்கு. கருப்பையன அங்கயும் கிட்டி வைக்கச் சொல்லுங்க."

"அது அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்மா. பூர்வீகம். அடுத்தவங்க நெல்லத் தொடாது. ஒன் வயல்ல மேயுறது காரைக்கால்லேருந்து வர்ற கப்பல் எலி."

கப்பல் எலி இத்தனை மைல் நடந்து, வழியில் இருக்கிற வயலையெல்லாம் விட்டுவிட்டு, இவள் கதிரைத்தான் தின்னுமா? கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. இரண்டாவது டீயை நினைத்து நடையைக் கட்டிவிட்டேன்.

அறுப்புக்குப் போனால் தையல்நாயகி வயலில் வைக்கோல்தான் மிச்சம். கருப்பையன் யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துச் சோமசேகரன் வரப்பை வெட்டினான். வளைக்குள் கூடை கூடையாகக் கதிர். சோமசேகரன் நட்டது ஐ.ஆர். இருபது நெல். உள்ளே இருந்ததெல்லாம் கிச்சிலிச் சம்பா. அந்த வருஷம் ஊரில் கிச்சிலி நட்டவள் தையல்நாயகி ஒருத்திதான்.

சோமசேகரன் குனிந்தார். மண்வெட்டியில் அடிபட்ட எலியைத் தூக்கினார். சாண் போட்டார்.

"பாத்தியா, வால் நீளம். நான் அப்பவே சொன்னேன்ல, கப்பல் எலி."

தையல்நாயகி கதிரை மடியில் அள்ளியபடி நிமிராமல் கேட்டாள். "அப்ப இனிமே ஒங்க வயல்லயும் கிட்டி வைக்கலாம்லண்ணே?"

"அது எப்படி? நம்ம பூர்வீக எலி எங்கயாச்சும் மிச்சம் இருக்கும்ல."

சிரிக்கிறீர்களா? இன்று காலை உங்கள் அடுக்களைப் பரணில் ஏதோ ஓடியதே, அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னீர்கள்?